தாழிக்காடும் அரசிதழும்

அவையோர்க்கு வணக்கம்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் ஆதிச்சநல்லூரைக் கடப்பவர்கள், அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. கோபுரமோ கோட்டையோ அங்கில்லை; பரம்பு என்று வழங்கும் 114 ஏக்கர் மேட்டு நிலம்தான் கண்ணில் படும். 1876இல் ஜெர்மானியரான யாகோர் அங்குத் தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தன. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வுகளில், இறந்தோரை இட்டுப் புதைத்த பெரிய மட்பானைகளான முதுமக்கள் தாழிகளும் இரும்புக் கருவிகளும் பொற்பட்டங்களும் வெளிப்பட்டன. காக்க வேண்டியது மண்ணுக்கடியில் கிடக்கும்போது, சட்டம் எதைப் பிடித்துக்கொண்டு காக்கிறது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நினைவுச்சின்னங்களையும் தொல்லியல் இடங்களையும் காக்கும் 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய எச்சங்கள் ஓரிடத்தில் இருப்பதாக நம்பத்தக்க காரணம் இருந்தாலே அதைத் தொல்லியல் இடமாகக் கொள்கிறது; வேலியிடவும் சென்றுவரவும் வேண்டிய பக்கத்து நிலத்தையும் அதனுடன் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் தேசிய முக்கியத்துவம் தானாக வந்துவிடாது. மத்திய அரசு முதலில் தன் கருத்தை அரசிதழில் வெளியிட்டு, அதன் படியை அந்த இடத்தருகே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். தொடர்புடைய எவரும் இரண்டு மாதத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அவற்றைப் பரிசீலித்த பிறகே இறுதி அறிவிக்கை வெளிவரும்.

அறிவிக்கை வந்ததும் நிலம் அரசுக்குச் சொந்தமாகிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படியில்லை; கையகப்படுத்துவது தனி நடவடிக்கை. பட்டா உரியவரிடமே இருக்கலாம், ஆனால் கட்டடம் எழுப்பவோ கல் உடைக்கவோ குழி தோண்டவோ மத்திய அரசின் அனுமதி வேண்டும். உழவுக்கு மட்டும் சட்டம் ஒரு சலுகை தருகிறது: மேல்மண்ணில் ஓரடிக்கு மிகாமல் கிளறிப் பயிரிடலாம். தாழியின் வாய் எத்தனை அடியில் இருக்கிறது என்று ஏருக்கு எப்படித் தெரியும் என நான் வியந்ததுண்டு. 2010ஆம் ஆண்டின் திருத்தம் எல்லைக்கு வெளியே 100 மீட்டர் வரை கட்டுமானத்தைத் தடை செய்து, அதற்கப்பால் 200 மீட்டரை, அனுமதி பெற்றே கட்டக்கூடிய ஒழுங்குமுறைப் பகுதியாக்கியது. அண்டை வீட்டுக்காரர்களின் மனக்குறை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது, அதையும் நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

இந்த நடைமுறையில் மிக நுட்பமான வேலை, என் பார்வையில், எல்லை குறிப்பதுதான். கோயில் என்றால் மதில் இருக்கிறது, பரம்புக்கு ஏது மதில்? புல எண்ணும் அளவைக் கல்லும் வரைபடமுமே அதன் மதில். முக்கியத்துவம் இழந்ததை நீக்கவும் அதே சட்டத்தில் 35ஆம் பிரிவு உண்டு. 2024இல் 18 சின்னங்களை அவ்வாறு நீக்க மத்தியத் தொல்லியல் துறை முன்வந்தது. ஹரியானாவின் முஜேசர் சிற்றூரில் இருந்த முகலாயர் காலத்துச் சாலைத் தூண் அவற்றுள் ஒன்று. பட்டியலில் பெயர் இருந்தது. தேடிப்போனவர்களுக்குத் தூண் கிடைக்கவில்லை.