புகார் வந்தால் மட்டும்

வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். 1979இல் கலிபோர்னியா மாநிலப் பூங்காத் துறையின் இயக்குநராக இருந்த ரஸ்ஸல் கேஹில் தன் ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். மாநிலப் பூங்காக்களில் நிர்வாணமாக இருக்கக் கூடாது, அதற்கென்று துறை ஒதுக்கிய இடம் இருந்தால் அங்கே மட்டும் இருக்கலாம் என்று ஏற்கெனவே விதி இருந்தது. ஆனால் துறை ஓர் இடத்தைக்கூட ஒதுக்கவில்லை. ஒதுக்கலாமா என்று யோசித்த கேஹிலும், எதிர்ப்பு பலமாக இருந்ததால் அதைக் கைவிட்டார். பதிலுக்கு அவர் சொன்ன வழி இது: பொதுமக்களில் யாராவது புகார் சொன்னால் மட்டும் தலையிடுங்கள், அப்போதும் முதலில் உடை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், போட்டுக்கொண்டால் அன்றைக்கு அதோடு சரி, மறுத்தால்தான் வழக்கு.

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! இந்த ஏற்பாடு ஏறக்குறைய முப்பது வருஷம் ஓடியது.

சான் ஓனோஃப்ரே என்று ஒரு கடற்கரை, லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் சான் டியேகோவுக்கும் நடுவே, பக்கத்தில் பெரிய ராணுவ முகாம். அதன் தெற்குக் கோடியில், மண்மேட்டிலிருந்து இறங்கும் டிரெயில் 6 என்ற பாதையின் அடிவாரத்தில், பல வருஷங்களாக மக்கள் உடையில்லாமல் குளித்தும் வெயில் காய்ந்தும் வந்தார்கள். கேஹில் சுற்றறிக்கை இருக்கிறது, நமக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று அவர்கள் நம்பினார்கள். 2008இல் பூங்காத் துறை, இனி இங்கே விதியை அப்படியே அமல்படுத்துவோம் என்று அறிவித்தது. அந்தப் பகுதியில் அத்துமீறல் நடக்கிறது என்ற புகார்களும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. நேச்சுரிஸ்ட் ஆக்‌ஷன் கமிட்டி என்ற அமைப்பு நீதிமன்றம் போனது. இத்தனை காலம் நடைமுறையில் இருந்த கொள்கையை மாற்றுவதென்றால், பொதுமக்களிடம் முறைப்படி அறிவித்து, கருத்துக் கேட்டு மாற்ற வேண்டும், ஒரு நாள் காலையில் எழுந்து மாற்ற முடியாது என்பது அவர்கள் வாதம். முதல் நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. அந்தச் சுற்றறிக்கையே முறைப்படி விதியாக ஆக்கப்பட்டதில்லை, ஆகவே அது துறையைக் கட்டுப்படுத்தாது, எழுதி வைத்த பழைய விதிதான் செல்லும் என்றது. அதே ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. அப்புறம் ரேஞ்சர்கள், அதாவது பூங்காக் காவலர்கள், அபராதச் சீட்டோடு மணலில் இறங்கினார்கள்.

இந்த வழக்கை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வருகிறது, ஆனால் நீதிபதிகள் மேல் இல்லை. அவர்கள் சட்டத்தைச் சரியாகத்தான் படித்திருக்கலாம். முப்பது வருஷம் ஒரு நிர்வாகம் கண்டும் காணாமல் இருந்துவிட்டு, அந்த மௌனத்தை மக்கள் அனுமதி என்று எடுத்துக்கொண்ட பிறகு, அதை எழுத்தில் வைக்கும் தைரியம் ஒருவருக்கும் இல்லாமல் போனதே, அதுதான் கோபம். ‘புகார் வந்தால் மட்டும்’ என்ற ஏற்பாட்டில் சட்டம் இருப்பதும் இல்லாததும் அன்றைக்கு யார் அந்த வழியாக நடந்து போகிறார் என்பதைப் பொறுத்தது. குளிக்கிறவருக்கும் தெரியாது, ரேஞ்சருக்கும் தெரியாது. விவரம் தெரியாமல் குழந்தையைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்துவிட்ட ஒரு தாய்க்கும் தெரியாது. அந்தத் தாய் புகார் சொன்னால் அவரைக் குறை சொல்ல முடியுமா? அங்கே ஓர் அறிவிப்புப் பலகைகூட இல்லையே.

இந்தச் சண்டைகளைப் பார்க்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படும். யாரோ ஒருவர் உடையைக் கழற்றிய அன்றைக்குச் சண்டை தொடங்குவதில்லை. கழற்றி இருபது, முப்பது வருஷம் ஆகியிருக்கும். நிலம் கைமாறும், கூட்டம் பெருகும், பக்கத்தில் புது வீடுகள் வரும், புது அதிகாரி வருவார், அப்போதுதான் தொடங்கும்.

கேப் காட் தேசியக் கடற்கரைப் பூங்காவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாசசூசெட்ஸில், ட்ரூரோ என்ற சிற்றூரில், பிரஷ் ஹாலோ என்ற கடலோரப் பகுதியில் உடையில்லாமல் குளிக்கும் வழக்கம் பல காலமாக உண்டு. ஆள் குறைவு, யாரும் பொருட்படுத்தவில்லை. எழுபதுகளில் பேர் பரவிக் கூட்டம் குவிந்தது. குறுகலான சாலைகளில் கார்கள், தனியார் நிலத்துக்குள் புகுந்து நடப்பவர்கள், மணல்மேடுகளில் சேதம். அதெல்லாம் உண்மையான தொந்தரவுதான், அங்கே குடியிருந்தவர்கள் பட்ட அவதி பொய்யில்லை. ஆனால் 1975இல் தேசியப் பூங்கா நிர்வாகம் கண்டுபிடித்த மருந்து என்ன? அந்தக் கடற்கரைப் பூங்கா முழுவதும் நிர்வாணத்துக்குத் தடை. வழக்கு போட்டார்கள், 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. சாலையில் நின்றதும் மணல்மேட்டை மிதித்ததும் உடையில்லாத உடம்பு இல்லை, வாகன நிறுத்தம் சரியில்லாத கூட்டம். அந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது கஷ்டமாகத் தெரிந்தது, நிர்வாணத்தைத் தடைசெய்வது சுலபமாகத் தெரிந்தது. நிர்வாகங்கள் இந்தக் குறுக்கு வழியை இன்றைக்கும் விடவில்லை.

நிலம் யாருடையது என்பது இன்னொரு தலைவலி. சான் டியேகோவில் பிளாக்ஸ் பீச், உயரமான செங்குத்து மேட்டுக்குக் கீழே இருக்கிறது. 1974இல் நகர மன்றம் அதன் ஒரு பகுதியில் உடை அவரவர் விருப்பம் என்று அனுமதித்தது. 1977இல் நகர வாக்காளர்கள் வாக்களித்து அதை ரத்துசெய்தார்கள். ஆனால் வடக்குப் பகுதி மாநிலத்தின் கையில் இருந்தது, அங்கே கேஹில் ஏற்பாடு. ஒரே மணல், ஒரே அலை, சில அடி தள்ளித் துண்டை விரித்தால் வேறு சட்டம்! புளோரிடாவின் பிளேயலிண்டா கடற்கரை மத்திய அரசின் நிலம், இருந்தும் பிரிவர்ட் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) 1995இல் நிர்வாணத் தடைச் சட்டம் போட்டு, அது அங்கேயும் செல்லும் என்றது. நியூ ஜெர்சியின் கன்னிசன் பீச்சும் மத்திய அரசின் நிலம்தான், ஆனால் அங்கே உள்ளூர்த் தடைகள் எட்டாததால் இன்றும் கூட்டம் வருகிறது. மணலில் உட்கார்ந்திருப்பவர் இதையெல்லாம் வரைபடம் பார்த்தா தெரிந்துகொள்வார்?

இந்த விவகாரத்தை ஒழுங்காகக் கையாண்ட அரசு எது என்று கேட்டால், பதில் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கிழக்கு ஜெர்மனி. அந்த அரசு எதற்கெல்லாம் தடை போட்டது என்று நமக்குத் தெரியும், அதைப் புகழ நான் வரவில்லை. 1954இல் பால்டிக் கடலோரத்தில் உடையில்லாக் குளியலை அதிகாரிகள் தடைசெய்தார்கள். ஜனங்கள் விடவில்லை, மனுவுக்கு மேல் மனு எழுதினார்கள், மணலிலும் அடங்காமல் குளித்தார்கள். கடைசியில் இறங்கி வந்தது அரசுதான். 1956இல் ஒரு விதி வந்தது: அடையாளமிட்ட இடங்களில் குளிக்கலாம். அடையாளமிட்ட என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். எங்கே என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பார்க்க விரும்பாதவர் வேறு பக்கம் போனார். தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் குடும்பமாக வந்து குளித்தார்கள், அதில் ஒரு விசேஷமும் யாருக்கும் தெரியவில்லை. 1990இல் இரண்டு ஜெர்மனியும் சேர்ந்த பிறகு மேற்கிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் இதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். கடலோர ஊர்கள் சுற்றுலா வருமானத்தை எண்ணி அந்தப் பகுதிகளைச் சுருக்கவும் ஒதுக்குப்புறத்துக்குத் தள்ளவும் ஆரம்பித்தன. சர்வாதிகாரத்திடம் போராடி வாங்கிய ஒன்று ஹோட்டல் முன்பதிவுக்காகப் பறிபோனது, இது எனக்கு ஆறவே இல்லை. 2024இல் ராஸ்டாக் நகரம் தலைகீழாக ஒரு விதி கொண்டுவந்தது: உடையில்லாப் பகுதிக்குள் உடையோடு வந்து உட்கார்ந்து தொந்தரவு கொடுப்பவர்களை வெளியே போகச் சொல்லலாம். இது அநியாயம் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வேடிக்கை பார்க்க வருகிறவர் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்தால் அந்த இடம் அதற்கு மேல் யாருக்கும் பாதுகாப்பான இடமில்லை, முக்கியமாகப் பெண்களுக்கு.

இப்போது நிர்வாகங்கள் பக்கத்து வாதத்தில் எது உண்மையிலேயே கனமானதோ அதற்கு வருகிறேன். “அங்கே வெறும் குளியல் மட்டும் நடக்கவில்லை” என்கிறார்கள். சில இடங்களில் இது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. புதர்களுக்குள்ளும் பாதை ஓரங்களிலும் பாலியல் செயல்கள் நடக்கின்றன, அதைப் பார்க்க நேரும் அக்கம்பக்கத்தார் கொதிப்பது இயல்பு. ஆனால் உடையில்லாமல் இருப்பதும் அதுவும் வேறு வேறு. பல நாட்டுச் சட்டங்கள் இதைத் தெளிவாகவே பிரித்திருக்கின்றன. இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டப்படி, மற்றவர் பார்த்து அச்சமோ வேதனையோ அடைய வேண்டும் என்ற நோக்கத்தோடு உறுப்பைக் காட்டினால்தான் அந்தப் பிரிவில் குற்றம். கனடாவில் பொது இடத்தில் நிர்வாணமாக இருப்பது குற்றவியல் சட்டத்தில் குற்றம்தான், ஆனால் மாகாண அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் ஒப்புதல் இல்லாமல் அந்த வழக்கைத் தொடங்கவே முடியாது. ஒரு கான்ஸ்டபிளின் கோபத்தில் யாரும் நீதிமன்றப் படி ஏறக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல பூட்டு எனக்குத் தெரியாது.

சியாட்டிலில் ஏரிக்கரையோரம் டெனி பிளேன் என்று ஒரு சின்னப் பூங்கா. வசதியான வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் பல பத்தாண்டுகளாக உடையில்லாமல் குளிக்கும் இடம் அது. அந்த நகரத்தில் வெறும் நிர்வாணம் குற்றமும் இல்லை. 2023இல், பெயர் வெளியிடாத ஒரு நன்கொடையாளர் பத்து லட்சம் டாலர் தருவதாகவும் அங்கே குழந்தைகள் விளையாட்டுத் திடல் அமைக்கப்போவதாகவும் நகரம் சொன்னது. திடல் வந்தால் நிர்வாணக் குளியல் தானாக நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. டிசம்பரில் நடந்த கூட்டத்தில் மக்கள் திரண்டு வந்து எதிர்த்தார்கள், நகரம் திட்டத்தைக் கைவிட்டது. குழந்தைகள் விளையாட இடம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, குழந்தைகளின் பெயரைச் சொல்லி ஒரு கூட்டத்தை விரட்ட வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பொது இடத்தில் நடக்கும் பாலியல் செயல்களைக் காட்டி அக்கம்பக்கத்தார் 2025இல் வழக்கு போட்டார்கள். நீதிபதி, இது நிறுத்தப்பட வேண்டும், திட்டத்தோடு வாருங்கள் என்று நகரத்துக்கு உத்தரவிட்டார். நகரம் பூங்காவைப் பகுதிகளாகப் பிரித்து வேலி போட்டது. எனக்கு இதில் வருத்தம் என்னவென்றால், முதல் புகார் வந்த அன்றைக்கே அத்துமீறியவர்களைப் பிடித்து நடவடிக்கை எடுத்திருந்தால் திடலும் தேவையில்லை, வேலியும் தேவையில்லை. குளிக்க வந்தவர்கள்தான் அந்த அத்துமீறலால் முதலில் பாதிக்கப்பட்டவர்கள் என்பதை நகரம் கேட்கவே இல்லை.

சரி, எங்கே நன்றாக நடக்கிறது? மயாமிக்கு வடக்கே ஹாலோவர் பீச். 1991 முதல் கவுண்டி நிர்வாகம் அதன் வடபகுதியை உடை விருப்பப் பகுதியாக விட்டிருக்கிறது, அரை மைலுக்கும் குறைவான நீளம். சாலைக்கும் மணலுக்கும் நடுவே செடிகொடிகள் மறைப்பு. உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். மணலில் ஒரு பலகை நிற்கிறது, இதற்கு அப்பால் உடையில்லாமல் குளிப்பவர்களைக் காண நேரலாம் என்று. அந்த வாசகத்தை நான் ரசிக்கிறேன். அதில் மிரட்டல் இல்லை, மன்னிப்பு இல்லை, தகவல் இருக்கிறது. படித்துவிட்டுத் திரும்பிப் போகிறவருக்கும் மரியாதை, தாண்டிப் போகிறவருக்கும் மரியாதை. அந்தப் பலகையைத் தாண்டி வந்துவிட்டு ‘எனக்கு அதிர்ச்சியாக இருந்தது’ என்று யாரும் சொல்ல முடியாது. குளிக்க வருகிறவர்களில் தன்னார்வலர்களே புதிதாக வந்தவர்களிடம், அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள், முறைத்துப் பார்க்காதீர்கள் என்று சொல்கிறார்கள். இது முக்கியம். கேமராவோடு சுற்றும் ஆளை ரேஞ்சருக்கு முன்னால் கண்டுபிடிப்பது பக்கத்துத் துண்டில் படுத்திருப்பவர்தான். ஆனால் அந்த இடம் சட்டப்படி இருந்தால்தான் அவரால் தைரியமாகப் போலீஸைக் கூப்பிட முடியும். தானே குற்றவாளி ஆகிவிடுவோமோ என்ற பயம் இருக்கும் இடத்தில் யாரும் யாரைப் பற்றியும் புகார் சொல்ல மாட்டார்கள், அங்கேதான் அத்துமீறுகிறவனுக்கு வசதி.

நிர்வாணத்தைப் பார்க்க விரும்பாதவர்களை நான் பிற்போக்கு என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் கடல் சொந்தம். நீண்ட கடலோரத்தில் பெரும்பகுதி அவர்களுடையதாகவே இருக்கட்டும். கேட்பது ஒரு துண்டு மணல்.

அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவில் பைரன் பே என்ற ஊருக்குப் பக்கத்தில் டயாகரா கடற்கரை, 1998 முதல் உடை விருப்பப் பகுதி, உள்ளூர் மன்றமே அறிவித்தது. 2024இல் மாநிலத்தின் தேசியப் பூங்கா நிர்வாகம், தகாத நடத்தை பற்றிய புகார்களைச் சொல்லி, அந்த அனுமதியை முடிவுக்குக் கொண்டுவந்தது. அங்கே குளித்துப் பழகிய மனிதர்கள் யாரும் ஆவியாகிப் போய்விடவில்லை. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடலோரம் பெரியது, பலகை இல்லாத மணல் நிறைய இருக்கிறது. அவர்களில் சிலர் அங்கே போவார்கள், ஒருநாள் விவரம் தெரியாத ஒரு குடும்பம் அந்த வழியாக வரும், யாரோ தொலைபேசியை எடுப்பார்கள். அந்த அழைப்பை எடுக்கப்போகும் அதிகாரிக்கு இன்றைக்கே ஒரு கேள்வியை நான் வைக்கிறேன்: அவர்களை எங்கே போகச் சொல்வீர்கள்?

நன்றி, வணக்கம்.