அணுசக்திக் கப்பலின் உண்மையான வேகம் எவ்வளவு?

வணக்கம் மக்களே. கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வளவில் உட்கார்ந்து பேசுகிறேன். குரல் கொஞ்சம் எதிரொலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணப் பந்தியில் பங்காளி ஒருத்தர் அடித்துச் சொன்னார்: "தம்பி, அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் 50 நாட் வேகத்தில போகுமாம், வெளியில சொல்ல மாட்டாங்களாம்." நாட் என்பது கடலில் வேகத்தை அளக்கும் அலகு, ஒரு நாட் என்றால் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ. அமெரிக்கக் கடற்படை சொல்வது 30 நாட்டுக்கு மேல் என்று மட்டும்தான். அந்த 'மேல்' இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை கதையும்.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவின் நிமிட்ஸ் வகை விமானந்தாங்கிக் கப்பலில் இரண்டு அணு உலைகள், நான்கு புரொப்பல்லர்கள். மொத்தத் திறன் சுமார் 2,60,000 குதிரைத்திறன் என்பது பரவலாகப் புழங்கும் எண். தண்ணீரில் வேகம் கூடினால், தேவைப்படும் திறன் ஏறக்குறைய அந்த வேகத்தின் கனத்தில் ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு வேண்டும். இந்த 2,60,000-இல் 30 நாட் கிடைக்கிறது என்று வைத்தால், 40 நாட்டுக்குப் போகவே 6 லட்சம் குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும். 50 என்றால் 12 லட்சம். அலை எழுப்புவதில் வீணாவதைச் சேர்த்தால் இன்னும் மோசம். அவ்வளவையும் தாங்கும் டர்பைனையும் கியரையும் எங்கே ஒளித்து வைப்பார்கள்? அணு உலை செய்வது நீராவி காய்ச்சுகிற வேலைதான். எரிபொருள் நிரப்பாமல் வருஷக்கணக்கில் ஓடலாம், அது வேறு விஷயம்.

இன்னொன்று, அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டினால் அதே கப்பல் மெதுவாகிவிடும். நம்ம காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியில் துருவைப் பற்றி ஆராய்கிறவர்களிடம் கேளுங்கள், கடல் தண்ணீர் இரும்பை என்ன பாடு படுத்தும் என்று சொல்வார்கள்.

ஆனால் குறைத்து மதிப்பிட்டாலும் ஆபத்துதான். 1968 ஜனவரியில் எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை சோவியத்தின் நவம்பர் வகை நீர்மூழ்கி ஒன்று பின்தொடர்ந்தது. கப்பல் வேகத்தைக் கூட்டக் கூட்ட அதுவும் விடவில்லை, 30 நாட் வரை வந்தது. அமெரிக்க உளவுத்துறை அதற்குப் போட்டிருந்த மதிப்பு அதைவிடக் குறைவு. அந்த அதிர்ச்சியும் சேர்ந்துதான் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் வகை வேக நீர்மூழ்கிகளுக்கு வழிவிட்டது. அப்புறம் 1970-இல் டைட்டானிய உடல் கொண்ட சோவியத் நீர்மூழ்கி ஒன்று நீருக்கடியில் 44.7 நாட் தொட்டது. வேகம் சரி, ஆனால் இரைச்சல் பயங்கரம். அதே மாதிரி இரண்டாவதை அவர்கள் கட்டவேயில்லை.

இரைச்சல்தான் காட்டிக்கொடுக்கும். தண்ணீருக்கடியில் ஒலியைக் கேட்கும் கருவியான சோனாரில் புரொப்பல்லரின் தாளத்தைக் கேட்டு, இறக்கைகள் எத்தனை, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று பிடித்துவிட்டால், அதிலிருந்து வேகத்தைக் கணிக்கலாம்.

நம்ம இந்தியாவின் அணுசக்தி நீர்மூழ்கியான அரிஹந்த் விஷயத்துக்கு வருவோம். அதன் உலைக்கு முன்மாதிரியைக் கல்பாக்கத்தில் தரையிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். சுமார் 6,000 டன் எடை, 83 மெகாவாட் உலை என்பார்கள். இது வெப்பத்தின் கணக்கு. ஐந்தில் ஒரு பங்கு புரொப்பல்லருக்கு வந்தாலும் ஏறத்தாழ 22,000 குதிரைத்திறன். நீருக்கடியில் 24 நாட் என்று பத்திரிகைகள் எழுதுவது எனக்கு நம்பும்படிதான் இருக்கிறது. ஆனால் எந்த வேகம் வரைக்கும் சத்தமில்லாமல் போகும் என்பது இந்தக் கணக்கில் வராது. எதிரி தேடுவது அந்த எண்ணைத்தான்.