எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

விடுமுறைக்குச் சென்னைக்கு வருகிற குடும்பங்களின் திட்டத்தில் மெரினா இருக்கும், வண்டலூர் இருக்கும், தி.நகர் ஜவுளிக்கடை கட்டாயம் இருக்கும். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் மட்டும் ‘நேரம் இருந்தால் பார்ப்போம்’ என்ற கணக்கில்தான் இருக்கும். அப்படி நேரம் கிடைத்து உள்ளே போகிறவர்களும் திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு, நாலு அறையை வேகமாகச் சுற்றிவிட்டு, பசிக்கிறது என்று வெளியே வந்துவிடுகிறார்கள். இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். அங்கே இருப்பவை 46 காட்சிக்கூடங்கள், தனித்தனிக் கட்டடங்களில். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் கால் வலிதான் மிஞ்சும். அதனால் நான் சொல்வது இதுதான்: நாலைந்து பொருள்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, ‘இது எந்த ஊருடையது, இங்கே எப்படி வந்தது?’ என்று கேளுங்கள். தமிழ்நாட்டு வரலாற்றின் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

முதலில் அந்த அருங்காட்சியகமே எழும்பூருக்கு எப்படி வந்தது என்று பார்ப்போம். 1846-இல் சென்னை இலக்கியச் சங்கத்தார் இதற்கான யோசனையை முன்வைத்தார்கள். 1851-இல் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கியது. பொறுப்பேற்றவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். 1854-இல் எழும்பூரில் இருந்த பாந்தியன் மாளிகைக்கு மாற்றினார்கள். அது வெள்ளைக்காரர்கள் கூடிப் பேசவும் நடனமாடவும் பயன்பட்ட இடம். பாந்தியன் சாலை என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். பால்ஃபர் அங்கேயே ஒரு விலங்குக்காட்சியையும் வைத்தார். அது பின்னால் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-இல் வண்டலூருக்குப் போனது. பழைய சென்னைக்காரர்கள் விலங்குக்காட்சியை ‘உயிர் காலேஜ்’ என்றும், அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் சொல்வார்கள். என் பாட்டி காலத்தில் வேறு பெயரே கிடையாது.

சரி, உள்ளே போவோம். அமராவதிச் சிற்பங்களிலிருந்து தொடங்கலாம். ஆந்திரத்தில் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த மாபெரும் பௌத்தத் தூபியின் கற்கள் இவை. வெளிர் நிறச் சுண்ணாம்புக் கல். 1797-இல் கம்பெனியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சி அந்த இடத்துக்குப் போனபோதே ஊர்க்காரர்கள் கட்டடம் கட்டக் கற்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். 1845-இல் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அதில் ஒரு பெரும்பகுதி கப்பலேறி லண்டன் போய்விட்டது. இன்றைக்கு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே தூபியின் கற்கள் இரண்டு கண்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. இதை நினைக்காமல் அந்தக் கூடத்தில் என்னால் நடக்க முடிவதில்லை.

அங்கே வட்டமான ஒரு கல்லைத் தேடிப் பிடியுங்கள். நளகிரி என்ற மதயானையைப் புத்தர் அடக்கிய கதை அதில் இருக்கிறது. யானையை இரண்டு முறை செதுக்கியிருப்பார்கள். ஒரு பக்கம் அது தெருவில் வெறிபிடித்து ஓடுகிறது, ஆட்கள் சிதறுகிறார்கள். மாடத்திலிருந்து பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். இன்னொரு பக்கம் அதே யானை புத்தர் காலடியில் மண்டியிட்டிருக்கிறது. ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முந்திய கைவேலை. ஒரு தெருவே பதறுவதையும், அந்தப் பதற்றம் அடங்குவதையும் அந்த ஒரு வட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார் அந்தச் சிற்பி. குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் ‘இதில் எத்தனை யானை?’ என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் அந்தக் கல்லைவிட்டு அவர்களை நகர்த்துவது கஷ்டம்.

இனி செப்புத் திருமேனிகள். பாதி நாளையாவது இதற்கு ஒதுக்குங்கள்.

இந்தத் திருமேனிகளில் பல, மண்ணுக்குள்ளிருந்து வந்தவை. படையெடுப்பு வருகிறது என்று தெரிந்தால், கோயிலைச் சேர்ந்தவர்கள் உற்சவ மூர்த்திகளைக் குழிதோண்டி, மணல் பரப்பி, உள்ளே வைத்து மூடிவிடுவார்கள். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாலிக் கபூர் படை வந்ததும், அதற்குப் பின்னால் வந்த குழப்பங்களும் தெரிந்த செய்தி. ஆபத்து விலகியதும் எடுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் புதைத்திருப்பார்கள். ஆனால் புதைத்த இடம் தெரிந்தவர்கள் இறந்துபோனார்கள், ஊர் மறந்துவிட்டது. பல நூறு ஆண்டு கழித்து யாரோ கிணறு வெட்டும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ கடப்பாரையில் ‘ணங்’ என்று தட்டுப்படும். 1878-இல் வந்த புதையல் சட்டப்படி அது கலெக்டருக்குத் தெரிவிக்கப்பட்டு, இங்கே வந்து சேரும். ஒரு சிலையின் கீழே ஊர்ப்பெயர் எழுதியிருந்தால், அதற்குப் பின்னால் இத்தனையும் நடந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் அப்படி மண்ணிலிருந்து கிடைத்தவர்தான். சோழர் காலப் படைப்பு. கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வலப்பக்கம் சிவன்: இரண்டு கைகள், முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும் ஆடை. இடப்பக்கம் உமை: ஒரே ஒரு கை, பூப் பிடிப்பதுபோல விரல்கள், கணுக்கால்வரை தழைந்த ஆடை. வலப்பக்கக் கீழ்க்கை காளையின் மேல் ஊன்றுவதுபோல மடங்கியிருக்கும், காளை இல்லை. முகத்தில் கோடு போட்டுப் பிரிக்கவில்லை சிற்பி. தோளில், இடுப்பில், நிற்கிற நிலையில்தான் ஆணும் பெண்ணும் பிரிகிறார்கள். ஆனாலும் ஓர் உடலாகவே நிற்கிறது. இதைவிடச் சிறந்த வார்ப்பு தமிழ்நாட்டில் உண்டா என்று கேட்டால், தேடித்தான் சொல்ல வேண்டும் என்பேன்.

இதை வார்த்த முறையையும் சொல்லிவிடுகிறேன். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் உருவத்தைச் செய்வார்கள். மேலே காவிரி வண்டல் மண்ணைப் பூசி உலரவைத்து, சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதாவது, ஓர் அச்சில் ஒரு சிலைதான். அதேபோல இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள்.

நாகப்பட்டினத்துப் புத்தர் சிலைகளையும் விட்டுவிடாதீர்கள். தலை உச்சியில் தீச்சுடர்போல ஒன்று எழும்பி நிற்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். கடல் கடந்து, இன்றைய இந்தோனேசியப் பக்கம் இருந்த ஸ்ரீவிஜயத்து அரசர் நாகையில் சூடாமணி விகாரை என்ற பௌத்த மடத்தைக் கட்டினார், முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்கு மானியமாகக் கொடுத்தான். பெரிய சிவன் கோயிலைக் கட்டிய அதே ராஜராஜன்தான். 1856 தொடங்கி அந்த நகரில் பூமிக்குள்ளிருந்து 300-க்கும் மேற்பட்ட பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. கடல் கடந்து வந்த வணிகர்களும் துறவிகளும் கும்பிட்ட உருவங்கள் அவை. சோழர் காலத்தைப் பற்றிப் பெருமை பேசுகிற நாம், இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பேச வேண்டும்.

மண்ணிலிருந்து எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது. மண்ணில் இருக்கும் உப்பு செம்புக்குள் ஊறியிருக்கும். ஈரக்காற்று பட்டதும் வெளிர் பச்சைப் பொடி பூக்கத் தொடங்கும். விட்டால் சிலையையே அரித்துவிடும். 1930-இல் இங்கே ஒரு வேதியியல் பாதுகாப்புக் கூடம் ஏற்படுத்தப்பட்டது. எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர், சிலையைக் காரக் கரைசலில் வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தி அந்த உப்பை வெளியேற்றும் முறையைக் கையாண்டார். சிற்பியின் பெயர் நமக்குத் தெரியவில்லை. காப்பாற்றியவரின் பெயராவது தெரிந்திருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

தொல்லியல் பகுதியில் ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் இருக்கின்றன. தாமிரபரணிக் கரையில் இருந்த பழங்கால இடுகாட்டில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ, 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் அகழ்ந்து எடுத்தவை. நெற்றியில் கட்டும் மெல்லிய பொற்பட்டங்கள், மேலே பறவையும் எருமையும் அமர்ந்த வெண்கல மூடிகள், இரும்புக் கருவிகள், முதுமக்கள் தாழிகள். இறந்தவரை அனுப்பும்போது தங்கத்தையும் சேர்த்து வைத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். நெல்லைப் பக்கம் போகிறவர்கள் ஆதிச்சநல்லூரிலேயே இறங்கிப் பார்க்கலாம். அகழ்ந்த குழிகளின் மேல் கண்ணாடி பதித்து, தாழிகள் இருந்த இடத்திலேயே பார்க்கும்படி செய்திருக்கிறார்கள்.

போகும்போது ஒன்றிரண்டு விஷயங்களைக் கவனத்தில் வையுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. காலையிலேயே போய்விடுங்கள், திருமேனிகளின் முன்னால் கூட்டம் குறைவாக இருக்கும். அதே வளாகத்தில் 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது, பழைய கட்டடத்தை வெளியிலிருந்தாவது பாருங்கள்.

அப்புறம், திருவாலங்காட்டு நடராசர். சுற்றி நிற்கும் தீச்சுடர் வளையமான திருவாசி இல்லை, விரிசடையும் போய்விட்டது, ஆனாலும் ஆட்டத்தில் ஒரு குறையும் தெரியாது. பிரான்சின் பெரும் சிற்பி ரோடின் இதன் புகைப்படங்களை மட்டுமே பார்த்துவிட்டு மனம் உருகி எழுதினார். நமக்கோ நேரில் பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. இவரைப் பார்த்த மறுநாள் உங்களுக்கு ஓய்வு இருந்தால், சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் மின்சார ரயிலைப் பிடியுங்கள். வழியில் திருவாலங்காடு நிலையம் வரும். நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் ஒன்றான ரத்தின சபை அங்கேதான் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் மூத்த திருப்பதிகம் பாடிய ஊரும் அதுதான். நடைசாத்துவதற்கு முன்னால் போய்ச் சேரும்படி ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். நன்றி, வணக்கம்.