திரைகடலில் ஏழு உயிர்கள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அலுவல்களுக்கிடையே வந்திருக்கும் மீன்வளத் துறை அதிகாரிகளே, பங்குத்தந்தை அவர்களே, எனக்குச் சால்வை அணிவித்த விசைப்படகு உரிமையாளர் சங்கத்துப் பெரியவரே, வெயிலில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! யாரையேனும் விட்டிருந்தால் பொறுத்தருள்க.

'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு' என்றார் ஔவையார். எந்த மேடையிலும் இதைத்தான் சொல்கிறேன் என்று கேலி செய்கிறார்கள், செய்யட்டும். கப்பல் கேப்டன் ராதிகா மேனனின் வீரம், போரில்லாக் காலத்து வீர விருதுகள், நம் பிள்ளைகளுக்குக் கப்பல் படிப்பு என மூன்றைப் பேச வந்திருக்கிறேன்.

2015 ஜூன் மாதம். வங்கக் கடலில் கடும் புயல். ஒடிசாவின் கோபால்பூருக்கு அப்பால் 'துர்கம்மா' என்ற மீன்பிடி படகு தத்தளிக்கிறது. எஞ்சின் நின்றுவிட்டது, நங்கூரமும் போய்விட்டது. சோற்றையும் குடிநீரையும் அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. படகில் ஏழு பேர். எதை வைத்து உயிர் பிழைத்தார்கள் தெரியுமா? மீனுக்கு வைத்திருந்த ஐஸ்கட்டியை வைத்து! அந்த வழியே 'சம்பூர்ண ஸ்வராஜ்யா' என்ற எண்ணெய்க் கப்பல் வருகிறது. இரண்டாம் அதிகாரியின் கண்ணில் படகு படுகிறது. கப்பலின் தலைமை, கேரளத்தின் கொடுங்கல்லூரில் பிறந்த ராதிகா மேனன். நம் சங்கப் பாடல்கள் பாடும் முசிறித் துறைமுகம் இருந்ததாகச் சொல்லும் பகுதி அம்மா அது! அலை 25 அடிக்கு மேல், காற்றின் வேகம் மணிக்கு 60 கடல் மைலுக்கு மேல். எண்ணெய்க் கப்பல் என்ன ஆட்டோவா, நினைத்த இடத்தில் திருப்ப? நெருங்கினால் படகு நொறுங்கும், விலகினால் ஏணி எட்டாது. மூன்று முறை முயன்று, ஏழு பேரையும் மேலே ஏற்றிவிட்டார்கள். (கைதட்டல்)

2016இல் லண்டனில், சர்வதேச கடல்சார் அமைப்பு கடல் வீரத்துக்கான விருதை அவருக்கு வழங்கியது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். போர்முனைக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு நம் அரசு அசோக சக்கரம், கீர்த்தி சக்கரம், சௌரிய சக்கரம் தருகிறது. அதை இன்னொரு நாள் விரிவாகப் பேசுவோம்.

எனக்கு உறுத்துவது வேறு. படகைக் கண்ட அந்தக் கப்பல் அதிகாரி வேறு பக்கம் பார்த்திருந்தால்? 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகும் நாம் அதிர்ஷ்டத்தை நம்பியே கடலுக்குப் போக வேண்டுமா? 'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு' என்ற கிழவி, உயிர்க்கவசம் இல்லாமல் ஓடச் சொன்னாளா? ஒவ்வொரு படகிலும் ஆளுக்கொரு உயிர்க்கவசம், செயற்கைக்கோள் வழியே ஆபத்தைச் சொல்லும் கருவி ஒன்று. இரண்டையும் அரசு இலவசமாகத் தர வேண்டும். அதிகாரிகள் குறித்துக்கொள்வதைப் பார்க்கிறேன், மகிழ்ச்சி.

கப்பல் படிப்பு பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உயிர்க்கவசமும் கருவியும் கேட்கும் மனு வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு படகு எண்ணையும் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.