பரங்கிப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறதா?

அடுத்த கேள்வி டெல்லி மயூர் விஹாரிலிருந்து வந்திருக்கிறது. "மூன்றாவது மாடியில், மொட்டை மாடியில் பரங்கிக்கொடி வைத்திருக்கிறேன். பூ நிறைய வருகிறது. ஆனால் பிஞ்சு நெல்லிக்காய் அளவிலேயே மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. மே மாத வெயில்தான் காரணமா? என்ன உரம் போடலாம்?" என்று ஒரு அம்மா கேட்கிறார்.

உரத்தை விடுங்கள் அம்மா. முதலில் உதிர்ந்த பிஞ்சை இரண்டாக நறுக்கிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈயின் வேலை. சுத்தமாக இருந்தால் மகரந்தம் சேரவில்லை. நீங்கள் சொல்லும் அளவைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது.

பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூவுக்கு அடியில் குட்டி உருண்டை இருந்தால் பெண், வெறும் நீளக் காம்பு என்றால் ஆண். அந்த உருண்டை பூ விரியும் முன்பே இருப்பது. அதைப் பார்த்துக் காய் பிடித்துவிட்டது என்று நாம் சந்தோஷப்பட்டுவிடுகிறோம். மகரந்தம் சேராவிட்டால் சில நாளில் அது பழுத்து விழும். டெல்லி வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது ஆண் பூக்கள்தான் அதிகம் வரும், மகரந்தமும் சீக்கிரம் வீரியம் இழக்கும். மூன்று மாடி ஏறி வரும் தேனீயும் குறைவு.

அதனால் வேலையை நாமே செய்துவிடலாம். காலை ஏழு மணிக்குள் மாடிக்குப் போங்கள். அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டால் நடுவில் மஞ்சள் பொடியோடு ஒரு தண்டு நிற்கும். அதைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் எல்லாப் பக்கமும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். காபி குடித்துவிட்டு ஒன்பது மணிக்குப் போனால் பூ வாடிச் சுருங்கியிருக்கும். மீதி ஆண் பூக்களை வீணாக்க வேண்டாம், கடலை மாவில் தோய்த்துப் பஜ்ஜி போடலாம். வங்காளிகள் வீட்டில் அது விசேஷம்.

மதியம் இலை தொங்கினால் பதறி ஓடாதீர்கள். சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் அது தண்ணீர்க் குறை இல்லை. மறுநாள் காலையிலும் தொங்கினால்தான் கவலை. அப்புறம், மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் மே மாதத்தில் கொதிக்கும். அதை அப்படியே செடி வைத்த பையில் ஊற்றினால் வேர் வெந்துபோகும். விடிகாலையில் ஊற்றுங்கள். மேற்கு வெயிலுக்குப் பச்சை வலை கட்டினால் போதும். யூரியா வேண்டவே வேண்டாம், இலைதான் மண்டும்.

இந்தக் கொடி தாங்காவிட்டால் ஜூன் கடைசியில், மழை தொடங்கியதும், புதிதாக விதை போடுங்கள். பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் 'பூசா விகாஸ்' கொடி அதிகம் ஓடாது, காயும் சிறியது, மாடிக்கு ஏற்றது. மழையில் பழ ஈ பெருகும் என்பதால், காய் பிடித்ததும் பிஞ்சுக்கு ஒரு காகிதப் பை மாட்டிவிடுங்கள்.