வலைக்கொட்டகைக்கு ஒரு கூரை வேணும்

மேடையில இருக்க ஊர்த்தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, தொழுகைய முடிச்சுட்டு நேரா வந்து உக்காந்திருக்க ஜமாத் தலைவர் அவர்களே, மகளிர் குழு அக்காமார்களே, கடல்பாசி எடுத்துட்டு ஈரச்சேலையோட பின்னாடி நிக்கிற தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். யாரையாச்சும் விட்டிருந்தா மன்னிச்சுக்கங்க.

உறவுகளப் பத்திப் பேசச் சொன்னாக. புருசன் பொண்டாட்டி, வயசான பெத்தவங்க, அண்ணன் தம்பின்னு மூணு விசயம் யோசிச்சு வந்தேன், கடைசியிலருந்து ஆரம்பிக்கிறேன், அது நான் கண்ணால பார்த்தது. தண்ணிய அடிச்சா தண்ணி விலகுமாம்பாக எங்க அப்பத்தா.

எங்க அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே வள்ளம். டீசல் காசு யாரு போட்டதுன்னு பங்கு பிரிக்கையில வாய்த்தகராறு, ஏழு வருசம் பேச்சு இல்ல, வீட்டுக்கு நடுவுல கிடுகு வச்சு மறைச்சாச்சு. ஆனா கடலுக்கு ஒண்ணாத்தான் போவாக, சாடைதான். கரைக்கு வந்தா வலைக்கொட்டகையில முதுகு காட்டி உக்காந்து ஒரே வலைய ஆளுக்கொரு முனையில பொத்துவாக. நடுவுல பத்து வயசுப் பய நானு. "டேய், பெரியப்பாகிட்ட நூலு இருக்கான்னு கேளு"ம்பாக அப்பா, கைக்கெட்டுற தூரம்தான். "உங்கப்பன்கிட்ட சொல்லு, கண்ணி பெருசா விழுகுது, மீனு ஓடிரும்"பாக அவுக. ஒருநாள் எனக்குக் காய்ச்சல், போகல. மத்தியானம் வரைக்கும் சத்தமில்லாம பொத்தி பொத்தி ரெண்டு ஊசியும் ஒரே கிழிசல்ல வந்து நின்னுருச்சு. "நீ போட்டா முடிச்சு நிக்காது, குடு"ன்னு வாங்கிப் போட்டிருக்காக பெரியப்பா. அம்புட்டுதான் பேச்சு. அன்னைக்கு ராத்திரி கிடுகுக்கு மேல எங்க வீட்டுக்கு ஒரு சட்டி குழம்பு வந்துச்சு!

தண்ணிய அடிச்சா தண்ணி விலகுமா? 1964 புயல் வரைக்கும் தனுஷ்கோடியிலருந்து இலங்கையில இருக்க தலைமன்னாருக்குக் கப்பல் போச்சு, அதுக்கப்புறம் தனுஷ்கோடி வழியே இல்லாமப் போச்சு. ஆனாலும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுல இந்தக்கரை ஆளும் அந்தக்கரை ஆளும் ஒண்ணா நின்னு கும்பிடுறாகல்ல. ஒண்ணா உக்கார ஒரு எடம் இருந்தா மனுசன் பேசிருவான்யா.

அந்த எடம்தான் இன்னைக்கு நம்மகிட்ட இல்ல. முன்னாடி 45 நாளா இருந்த மீன்பிடித் தடைக்காலம் 2017லருந்து 61 நாளு, ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும். விசைப்படகு பூராம் கரையில கட்டிக் கெடக்கும், ஆம்பளைக பூராம் வீட்ல. கொட்டகைக்கு ஓடு போயி தூணு மட்டும் நிக்கிது, ஆளுக்கொரு வேப்பமர நெழல்ல செல்போன வச்சுக்கிட்டு ஒத்தையா உக்காந்திருக்கான், கடன் கவலைய யார்கிட்டயும் சொல்லாம சாயந்தரம் போயி பொண்டாட்டி மேல எரிஞ்சு விழுகுறான். புருசன் பொண்டாட்டி விசயமும் இங்கதான் வந்து முட்டுது, அதையும் பெத்தவங்க விசயத்தையும் விரிவா இன்னொரு கூட்டத்துல பேசுவோம்.

மூணு தடவ மனு குடுத்தாச்சு, பதில் இல்ல. நமக்கு மாளிகை வேணாம், தகரம் போட்டு ஒரு கூரை, குடிக்க ஒரு தண்ணிக்குழாய், பொம்பளைகளும் வந்து பாசி காயவச்சுட்டு உக்கார ஒரு திண்ணை. நாலாவது மனு எழுதி அந்த மேசையில வச்சிருக்கேன், பேனாவும் இருக்கு. போறப்ப எல்லாரும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, பேசாத அண்ணன் தம்பி யாராச்சும் வந்திருந்தா ரெண்டு பேரும் அடுத்தடுத்து போடுங்க.