கூபர் பீடி: ஒன்றுமில்லாத நிலமா?

நேயர்களுக்கு வணக்கம்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டிலிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் வடமேற்கே ஏறத்தாழ 850 கிலோமீட்டர் போனால் கூபர் பீடி என்ற சிற்றூர் வருகிறது. ஓபல் என்னும் மணிக்கல்லுக்காக உலகறிந்த ஊர். 2021 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் சுமார் 1,500 பேர். அந்த ஊருக்குப் போகப்போகிறேன் என்று சொன்னபோது, "அங்கே என்ன இருக்கிறது? வெறும் பாலைவனம்தானே" என்று பலரும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல விரும்புகிறேன். அந்த நிலத்தைப் பற்றி 'அங்கே ஒன்றுமில்லை' என்று சொல்லிச் சொல்லியே சில பெரிய தவறுகள் செய்திருக்கிறார்கள். அதையும் பேசவேண்டும்.

போகும் வழி நீளமானது. போர்ட் அகஸ்டாவைத் தாண்டியதும் மரங்கள் குறைந்து, உப்பு ஏரிகள் தோன்றுகின்றன. கிளெண்டம்போ என்ற இடத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டால், அதற்குப் பிறகு 250 கிலோமீட்டருக்குப் பங்க் கிடையாது. ஊர் நெருங்கும்போது சாலையின் இருபுறமும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கூம்புக் கூம்பாய் மண்குவியல்கள் ஆயிரக்கணக்கில் தெரிகின்றன. ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் ஒரு குழி இருக்கும். ஆள் இறங்கும் அகலம், இருபது முப்பது மீட்டர் ஆழம். ஓடாதே, பின்னோக்கி நடக்காதே என்று எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். புகைப்படம் எடுக்கிற ஆர்வத்தில் இரண்டடி பின்னால் வைத்தால் உயிர் போய்விடும் என்பதால் அந்தப் பலகைகளை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த ஊரின் தொடக்கமே ஒரு தாகத்தில் இருக்கிறது. 1915 ஆம் ஆண்டு பிப்ரவரி 1 அன்று, தங்கம் தேடி வந்த ஒரு சிறு குழுவில் 14 வயதுச் சிறுவன் வில்லி ஹட்சிசன் இருந்தான். தண்ணீர் தேடிப் போன அவன் தரையில் கிடந்த ஓபல் துண்டுகளோடு திரும்பினான். முதல் உலகப் போர் முடிந்து படைவீரர்கள் பிழைப்புத் தேடி வந்தார்கள். பதுங்குகுழிகளில் வாழ்ந்து பழகியவர்கள் அவர்கள். கோடையில் வெயில் 45 பாகையைத் தாண்டும் நிலத்தில் கூரை போட மரம் இல்லை. எனவே குன்றின் பக்கவாட்டைக் குடைந்து உள்ளே குடியேறினார்கள். இன்றும் ஊர் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அப்படிப்பட்ட குடைவீடுகளில்தான் இருக்கிறார்கள். டக்அவுட் என்று அவற்றைச் சொல்கிறார்கள்.

அந்த வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் வியந்து நின்ற இடம் அது. குகை என்று கேட்டதும் இருட்டும் ஈரமும் நம் மனத்தில் வருகின்றன. உள்ளே நுழைந்தால் அந்த எண்ணம் மறைந்துவிடுகிறது. சுவர்கள் இளஞ்சிவப்பும் பாலாடை நிறமும் கலந்த மணற்பாறை. குடையும் இயந்திரத்தின் பற்கள் பதித்த வட்ட வட்டத் தடங்கள் சுவரில் அப்படியே இருக்கின்றன. தூசி உதிராமல் இருக்க மேலே மெருகு பூசுகிறார்கள். இந்தப் பாறை வெட்டுவதற்கு மெத்தென்றும், தாங்குவதற்குக் கெட்டியாகவும் இருப்பதால் அறைகளுக்குத் தூண் தேவையில்லை. மேலே சில மீட்டர் பாறையை விட்டுவைத்தால் போதும், வெளியே கோடையானாலும் குளிர்கால இரவானாலும் உள்ளே வெப்பம் 23 முதல் 25 பாகைக்குள்ளேயே நிற்கிறது. குளிர்சாதனம் இல்லை, கணப்பும் இல்லை. காற்றுக்காகக் குன்றின் உச்சிவரை குழாய்கள் போகின்றன. வெளியே நின்று பார்த்தால், மொட்டைக் குன்றின் மேல் குழாய் முனைகள் தெரிவதை வைத்துத்தான் கீழே ஒரு குடும்பம் வாழ்கிறது என்று அறியலாம். புத்தக அலமாரி வேண்டுமென்றால் சுவரிலேயே வெட்டிக்கொள்கிறார்கள். 1960களில் ஃபே நெய்லர் என்ற பெண்மணி தோழியர் இருவரோடு சேர்ந்து கடப்பாறையும் மண்வெட்டியும் கொண்டு தோண்டிய வீட்டை இன்றும் போய்ப் பார்க்கலாம். மூன்று பெண்கள் கையால் குடைந்த வரவேற்பறையில் நிற்கும்போது, எந்தப் பெரிய கட்டடத்தின் முன்னும் எனக்கு வராத மரியாதை வந்தது.

கோயில்களும் தரைக்குக் கீழேதான். செர்பிய மரபுவழிக் கிறிஸ்தவர்களின் தேவாலயம் மிக உயரமான வளைகூரையோடு பாறைக்குள் எழும்பி நிற்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிரேக்கர், செர்பியர், குரோவாசியர், இத்தாலியர் என்று ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் அந்த ஊரை வளர்த்தார்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஆண்டு மழை 150 மில்லிமீட்டரை ஒட்டித்தான். ஊருக்கு வடக்கே 24 கிலோமீட்டர் தொலைவில் ஓர் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. ஆஸ்திரேலியக் கண்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பரந்திருக்கும் கிரேட் ஆர்ட்டீசியன் படுகையின் நீரை அங்கே எடுத்து, குழாயில் கொண்டுவந்து, உப்பு நீக்கி வீடுகளுக்குத் தருகிறார்கள். அந்தப் படுகையில் சில இடங்களில் இருக்கும் நீர் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை. அதனால் அங்கே யாரும் குழாயைத் திறந்துவிட்டு வேறு வேலை பார்ப்பதில்லை. மின்சாரத்துக்கும் நாட்டின் பொது மின்தொகுப்போடு இணைப்பு இல்லை. வெகுகாலம் டீசல்தான். 2017 முதல் காற்றாலையும் சூரியத் தகடுகளும் மின்கலமும் சேர்ந்து தேவையின் பெரும்பகுதியைத் தருகின்றன. பெரிய நகரங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த காரியம் இது. ஒரு பாலைவனச் சிற்றூர் முந்திக்கொண்டு செய்தது.

இனி ஓபல். பதினோரு கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் கடல். எரோமங்கா கடல் என்று புவியியலாளர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். கடல் வற்றி, படிந்த மண் சிதைந்து, அதிலிருந்து கரைந்து வந்த சிலிக்கா பாறை வெடிப்புகளில் தங்கிக் கெட்டியானது. அந்தச் சிலிக்கா கண்ணுக்கே தெரியாத நுண்ணிய உருண்டைகளாக அமைகிறது. பழக்கடையில் ஆரஞ்சுகளை அடுக்கிவைப்பது போல அந்த உருண்டைகள் ஒரே அளவில் வரிசையாக அடுக்கி அமைந்தால், இடைவெளிகளில் ஒளி பட்டுச் சிதறிச் சிவப்பும் பச்சையும் நீலமும் பிறக்கின்றன. உருண்டை பெரிதாக இருந்தால்தான் சிவப்பு வரும். அதனால் சிவப்புக்கு விலை அதிகம். வரிசை கலைந்திருந்தால் நிறமே இல்லை. அதைப் பாட்ச் என்று ஒதுக்குகிறார்கள். இந்த அமைப்பை மின்னணு நுண்ணோக்கியால் கண்டு சொன்னவர்கள் 1964 இல் மெல்போர்ன் விஞ்ஞானிகள்.

அந்தக் கடலின் உயிர்களும் ஓபலாகக் கிடைக்கின்றன. 1987 இல் ஒரு சுரங்கத் தொழிலாளி கண்டெடுத்த கடல் ஊர்வன ஒன்றின் எலும்புக்கூடு முழுவதும் ஓபலாக மாறியிருந்தது. அது தனியார் கையில் போய் உடைந்துவிடக் கூடாது என்று பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பொதுமக்கள் பணம் திரட்டி மீட்டார்கள். இன்று சிட்னியில் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் இருக்கும் அதை எரிக் என்று செல்லமாக அழைக்கிறார்கள்.

கூபர் பீடியில் பெரும் சுரங்க நிறுவனங்கள் இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அனுமதிச் சீட்டு வாங்கிய தனிமனிதர் ஒரு சிறு துண்டு நிலத்தின் நான்கு மூலைகளிலும் முளை அடித்து உரிமை கொள்கிறார். துளையிடும் இயந்திரம், மண்ணை உறிஞ்சி வெளியே கொட்டும் ப்ளோயர் என்ற லாரி, இரண்டு மூன்று கூட்டாளிகள் — இவ்வளவுதான் தொழில். மாதக்கணக்கில் தோண்டி ஒன்றும் கிடைக்காமல் போகலாம். டீசல் விலை ஏறிய பிறகு இளைஞர்கள் வருவது குறைந்திருக்கிறது என்று அங்கே பேசிய முதியவர் ஒருவர் வருத்தத்தோடு சொன்னார். போர்க்காலத்தில் ஊர் தளர்ந்து கிடந்தபோது, 1946 இல் எய்ட் மைல் என்ற இடத்தில் சிறந்த ஓபலைக் கண்டெடுத்து மீண்டும் கூட்டத்தை வரவழைத்தவர் டாட்டி பிரையன்ட் என்ற பழங்குடிப் பெண். 1956 இல் அதே எய்ட் மைலில்தான் 17,000 காரட் எடையுள்ள ஒலிம்பிக் ஆஸ்திராலிஸ் என்ற ஓபல் கிடைத்தது.

அந்தப் பழங்குடி மக்களைப் பற்றிச் சுற்றுலாப் பேருந்துகளில் மிகக் குறைவாகவே சொல்கிறார்கள். அது அந்தகிரிஞ்சா மாட்டு-யங்குனிஜட்ஜாரா மக்களின் நிலம். 2011 இல் நீதிமன்றம் அவர்களுடைய பாரம்பரிய உரிமையை ஏற்றது. ஆனால் அதற்கு முன் நடந்ததைக் கேளுங்கள். கூபர் பீடிக்கு மேற்கே உள்ள எமு ஃபீல்டில் 1953 அக்டோபரில் பிரிட்டன் இரண்டு அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. ஆளில்லாத பாலைவனம் என்பதுதான் சொன்ன காரணம். ஆள் இருந்தார்கள். முதல் வெடிப்புக்குப் பின் கறுப்பு மூடுபனி ஒன்று தங்கள் குடியிருப்புகள் மேல் உருண்டு வந்ததை அவர்கள் சாட்சி சொன்னார்கள். கண்ணும் தோலும் எரிந்ததை, உறவினர்கள் நோயுற்றதைச் சொன்னார்கள். 1980களில்தான் அரச விசாரணை ஆணையம் அந்த மூடுபனி உண்மை என்று ஏற்றது.

1998 இல் மத்திய அரசு அணுக்கழிவுக் கிடங்குக்கு மறுபடியும் அந்தப் பாலைவனத்தையே தேர்ந்தெடுத்தது. மறுபடியும் அதே காரணம். இம்முறை எழுந்து நின்றவர்கள் கூபர் பீடியின் மூத்த பழங்குடிப் பெண்கள். குப்பா பீட்டி குங்கா ஜூட்டா என்று ஏற்கெனவே ஒரு மன்றம் அமைத்திருந்தார்கள். பலர் பாட்டிமார்கள், ஆங்கிலம் அவர்களுக்குத் தாய்மொழி அல்ல. நஞ்சைத் தொடாதே, விட்டுவிடு என்று பொருள்படும் 'இரட்டி வன்ட்டி' என்ற முழக்கத்தோடு நகரம் நகரமாகப் போய்ப் பேசினார்கள், பாடினார்கள், கடிதம் எழுதுவித்தார்கள். நிலத்தடி நீர் தங்கள் உயிர் என்றார்கள். அவர்களில் ஐலீன் கம்பாக்குட்டா பிரௌன், ஐலீன் வானி விங்ஃபீல்ட் ஆகிய இருவருக்கும் 2003 இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. 2004 இல் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

நேயர்களில் யாரேனும் அங்கே போவதாக இருந்தால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் போங்கள். தண்ணீர் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். இருட்டிய பிறகு கார் ஓட்டாதீர்கள். கங்காருக்கள் சாலைக்கு வரும் நேரம் அது. ஓபல் வாங்கினால் அது முழுக்கல்லா, மெல்லிய ஓபல் தகட்டின்கீழ் வேறு பொருளை ஒட்டியதா என்று கேட்டு வாங்குங்கள். நேர்மையான கடைக்காரர் தயங்காமல் சொல்வார். ஊருக்கு வடக்கே இருக்கும் கங்கு-பிரேக்கவேஸ் பூங்காவின் குன்றுகளுக்கு அவசியம் போய்வாருங்கள். அந்தப் பூங்காவின் நிர்வாகத்தில் அந்த மண்ணின் மக்களுக்கும் பங்கு இருக்கிறது. அங்குள்ள பலகைகளில் அவர்களுடைய கதைகளை நின்று நிதானமாகப் படியுங்கள்.

நன்றி, வணக்கம்.